‘பல’ உண்டு, ‘சில’ இல்லை

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்குப் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அதன் புதிய வசதிகளைத் தொகுத்துரைக்கும் பதிவுகள் கணினி பயிலும் மாணவர்களிடையே விரைந்து பரவுகின்றன. அண்மைக்காலப் பட்டியல்களைப் பார்த்தால் பெரும்பகுதி செயற்கை நுண்ணறிவைப் பற்றியதாகவே இருக்கிறது. நிரலைத் தானே எழுதித் தருகிறது. செயலி இடையில் நின்றுபோனால் காரணத்தை விளக்குகிறது. திரையின் படத்தைக் காட்டினால் அதற்குரிய நிரலை அமைக்கிறது. செய்த மாற்றத்துக்குக் குறிப்புரையும் எழுதுகிறது. இவற்றுக்கிடையே ஒற்றை வரியில் சொல்லப்பட்டுக் கடந்துபோகும் வசதி ஒன்று உண்டு. நிரலில் உள்ள மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் பொருத்தமான பெயர்களைக் கருவியே பரிந்துரைக்கும் என்பது அது. மொழியியலில் முதுகலை பயின்று, இப்போது கோலார் தங்கவயலின் தமிழ் வழக்கை ஆய்ந்துவரும் எனக்கு, அந்தப் பட்டியல் முழுவதிலும் நின்று பேசத் தகுந்தது அதுவே எனத் தோன்றுகிறது.

கணினித் துறை சாராத நண்பர்களுக்காகச் சில செய்திகள். கைப்பேசிச் செயலி எழுதுபவர்கள் நிரலை எழுதவும், பிழை பார்க்கவும், ஓட்டிப் பார்க்கவும், வெளியிடவும் ஒரே இடத்தில் பயன்படுத்தும் பணிமனையே ஒருங்கிணைந்த நிரலாக்கச் சூழல் எனப்படுவது. ஆண்ட்ராய்டுக்கான அதிகாரப்பூர்வப் பணிமனை ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ. கூகுள் இதனை 2013 மே மாதம் அறிவித்தது. முதல் நிலைப்பதிப்பு 2014 டிசம்பரில் வந்தது. அடித்தளம் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் இன்டெலிஜே. 2021 முதல் பதிப்புகளுக்கு ஆங்கில அகரவரிசைப்படி உயிரினங்களின் பெயரைச் சூட்டுகிறார்கள்: ஆர்க்டிக் ஃபாக்ஸ், பம்பிள்பீ என்று தொடங்கி 2024இல் கோலா, லேடிபக், 2025இல் மீர்கேட், நார்வால் என அது நீண்டிருக்கிறது. உரையாடும் துணைக்கருவி 2023 மே மாதம் ‘ஸ்டுடியோ பாட்’ என்ற பெயரில் அறிமுகமாகி, 2024 ஏப்ரலில் ஜெமினி ஆயிற்று. பெயர் பரிந்துரைக்கும் வசதி லேடிபக் வரிசையில் சேர்ந்தது. நார்வால் வரிசையில், ஒரு பணியைச் சொல்லிவிட்டால் பல கோப்புகளைத் தானே திருத்தி முடிக்கும் முகவர் முறை வந்துவிட்டது.

இனி என் துறைக்கு வருகிறேன்.

எந்த இயல்மொழியிலும் சொற்களை இரு தொகுதியாகப் பகுக்கலாம். ஒன்று மூடிய தொகுதி: வேற்றுமை உருபுகள், இணைப்புச் சொற்கள், சுட்டுகள் போன்றவை. இதில் புதிய உறுப்பினர் சேர்வது அரிது. மற்றொன்று திறந்த தொகுதி: பெயர்களும் வினைகளும். நாள்தோறும் புதியன வந்து சேரும் இடம் இது. நம் மரபிலக்கணம் இடைச்சொல்லைப் பெயரிலிருந்தும் வினையிலிருந்தும் பிரித்து வைத்ததிலும் இந்த உணர்வு இருக்கிறது. நிரல்மொழியும் இதே அமைப்புடையதுதான். மொழி தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொற்கள் ‘இஃப்’, ‘எல்ஸ்’, ‘ஃபார்’, ‘ரிட்டர்ன்’ போன்றவை. ஆண்ட்ராய்டில் இன்று முதன்மை மொழியாக இருக்கும் கோட்லினில், எவ்விடத்தும் பெயராக வர இயலாதபடி ஒதுக்கப்பட்டவை முப்பதுக்கும் குறைவு. நிரலின் எஞ்சிய சொற்களோ ஏற்கெனவே எழுதப்பட்ட நூலகங்கள் தந்த பெயர்களும் நிரலாளர் தாமே சூட்டிய பெயர்களும்தாம். நிரலாளரின் சிந்தனை வெளிப்படுவது இக்கடைசித் தொகுதியில்.

தமிழில் நிரலெழுதுவது பற்றிய நம் பேச்சுகள் பெரும்பாலும் மூடிய தொகுதியைச் சுற்றியே நடந்தன. முத்தையா அண்ணாமலை 2013இல் வெளியிட்ட ‘எழில்’ மொழி ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘முடி’ போன்ற தமிழ்க் கட்டளைச் சொற்களோடு வந்தது. அம்முயற்சியின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. முதல் வகுப்பில் ஒரு குழந்தைக்குக் கணிப்பின் தர்க்கத்தை அறிமுகப்படுத்த அதைவிட நல்ல வழி குறைவு. ஆயினும் கட்டளைச் சொற்களை எவரும் ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். கடினம் வேறிடத்தில் இருக்கிறது. இருநூறு வரி நிரலில் எந்தப் பெயர் எதனைக் குறிக்கிறது என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டு படிப்பதுதான் கடினம்.

தங்கவயலின் பேச்சைக் கேட்டவர்களுக்கு நான் அடுத்துச் சொல்வது எளிதில் விளங்கும். 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் இங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கியபின், வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர்கள் நிலத்தடியில் புழங்கிய பொருள்களை அவற்றின் ஆங்கிலப் பெயராலேயே அழைத்தனர்: ஷாஃப்ட், கேஜ், ஷிப்ட். அப்பெயர்களை ஏந்திய வாக்கியமோ தமிழாகவே இருந்தது. “ஷாஃப்ட்டுக்குள்ள கேஜுல எறங்கி” என்று ஒரு முதியவர் எனக்குச் சொன்னபோது பெயர் இரண்டும் ஆங்கிலம். வேற்றுமை, வினை, வாக்கிய முறை அனைத்தும் தமிழ். மொழிக் கலப்பில் உலகெங்கும் காணப்படும் இயல்பான போக்கு இதுதான். திறந்த தொகுதியில் கடன் வாங்குவார்கள். மூடிய தொகுதியில் தம்முடையதை விடமாட்டார்கள். (இங்கே ஊர்ப்பெயர்களுக்கு நேர்ந்தது வேறு கதை. உரிகம் ‘ஊர்காம்’ ஆனது. இராபர்ட்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப் என்பன மேலிருந்து சூட்டப்பட்டவை. அதனை இன்னொரு பதிவில் எழுதலாம்.)

நிரலெழுதும் தமிழ் மாணவருக்கு இயல்பான வழி இதன் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும். மொழியின் எலும்புக்கூடு ஆங்கிலத்திலிருந்து வருகிறது. அதனை மாற்ற இயலாது, மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. அவர் சேர்க்கும் தசை, அதாவது பெயர்கள், தமிழாக இருக்கலாம். அவ்வாறு எழுதிப் பார்ப்பவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது.

கோட்லினில் ஒரு மாறிக்கு ‘பல’ என்று பெயர் வையுங்கள். தொகுப்பி மறுப்பின்றி ஏற்கும். ‘சில’ என்று வையுங்கள். பிழை என்று சிவப்புக் கோடிடும். ‘ஏல’ ஏற்கப்படும், ‘ஏலம்’ மறுக்கப்படும். கடன், வரவு, செலவு, பெயர், ஊர் எதுவும் செல்லாது. காரணம் எளியது. கோட்லினின் இலக்கணம் ஒரு பெயர் எழுத்துகளாலும் எண்களாலும் அடிக்கோட்டாலும் ஆனதாக இருக்க வேண்டும் என்கிறது. எழுத்து எது என்பதற்கு யூனிகோடின் எழுத்து வகைப்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்கிறது. யூனிகோடிலோ ‘ச’ எழுத்து. அதன்மேல் ஏறும் இகரக் கொக்கி எழுத்தன்று, ‘குறி’. மெய்யின் புள்ளியும் குறியே. ஆகவே தனி உயிரும் அகரம் ஏறிய உயிர்மெய்யும் மட்டும் பெயருக்குள் நுழையலாம். புள்ளியும் ஏனைய உயிர்க்குறிகளும் வாசலில் நிறுத்தப்படும். இந்த விதியின்படி ‘தமிழ்’ என்ற சொல்லும் ஒரு பெயராக இருக்கத் தகுதியற்றது.

இதற்கு யூனிகோடைக் குறைசொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. உயிர்மெய்யைப் பிரித்துக் குறியேற்றம் செய்ததே பிழை என்பவர்கள், 2010 கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு அறிவித்த டேஸ் 16 குறியேற்றத்தை நினைவூட்டுவர். அதில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம் உண்டுதான். ஆனால் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருப்பதால் அங்குள்ள எதுவும் ‘எழுத்து’ என வகைப்படுத்தப்பட்டதன்று. கோட்லினில் அதுவும் தோற்கும், ‘பல’ உட்பட. மேலும், பிரித்து எழுதுவது நம் மரபுக்கு முற்றிலும் அயலானதும் அன்று. மெய் புள்ளி பெறுவதையும், அகரம் ஏறும்போது புள்ளி நீங்குவதையும், பிற உயிர்கள் ஏறும்போது உருவம் திரிவதையும் தொல்காப்பியத்தின் நூன்மரபு வேறுபடுத்தியே பேசுகிறது. உருத்திரிபை யூனிகோடு ஒரு தனிக்குறியாகப் பதிந்தது. திரிந்த உருவும் எழுத்தின் பகுதியே என்பதை மறந்தவர்கள் நிரல்மொழியின் இலக்கணத்தை எழுதியவர்கள்.

மறக்காதவர்களும் இருக்கிறார்கள். நிரல்மொழிகளின் பெயர்களைப் பற்றி யூனிகோடு வெளியிட்டுள்ள 31ஆம் இணைப்பு, முதலெழுத்துக்குப் பின் இக்குறிகளை அனுமதிக்குமாறு தெளிவாகவே பரிந்துரைக்கிறது. பைத்தான் 3 அதனைப் பின்பற்றுகிறது. அதில் ‘சில’ செல்லும். ஜாவா தன் சொந்த விதியாலேயே இக்குறிகளை ஏற்கிறது. கூகுளின் ‘கோ’ மொழி, கோட்லினைப் போல, ஏற்பதில்லை.

இங்கேதான் ஆண்ட்ராய்டு வரலாறு கசக்கிறது. ஆண்ட்ராய்டு செயலிகள் தொடக்கத்தில் ஜாவாவில் எழுதப்பட்டன. 2017இல் கோட்லினுக்கு அதிகாரப்பூர்வ ஆதரவு அறிவிக்கப்பட்டது. 2019இல் ‘இனிக் கோட்லினே முதன்மை’ என்றார்கள். 2021இல் முதல் நிலைப்பதிப்பு கண்ட ஜெட்பேக் கம்போஸ், அதாவது திரைகளை அமைக்கும் இன்றைய முறை, கோட்லினுக்கு மட்டுமே உரியது. ஜாவா ஒரு தீவின் பெயர். கோட்லினும் பீட்டர்ஸ்பர்க்குக்கு அருகிலுள்ள ஒரு தீவின் பெயர். அந்தத் தீவிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலேறியபோது நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் கரையிலேயே விடப்பட்டன. நான் அறிந்த எந்தப் புதிய வசதிப் பட்டியலிலும் இந்த இழப்பு குறிக்கப்படவில்லை. அதற்கும் காரணம் உண்டு: இழந்ததாக எவரும் முறையிடவில்லை. தமிழில் பெயர் வைக்க முயன்றவர்களே அரிது.

ஒரு மாற்றுவழி இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். விசைப்பலகையில் எண் 1க்கு இடப்பக்கம் உள்ள சாய்ந்த குறிக்குள் அடைத்துவிட்டால் எந்தச் சொல்லையும் கோட்லின் பெயராக ஏற்கும். ஒதுக்கப்பட்ட சொற்களோடு மோதும் ஜாவாப் பெயர்களைக் கையாள வைத்த வழி அது. ஒவ்வொரு முறையும் இருபுறமும் குறியிட்டுத் தமிழை எழுதலாம். ஆனால் நூறு இடங்களில் மேற்கோளுக்குள் நிற்கும் சொல் அயலாகவே நிற்கிறது. கற்கும் மாணவர் பத்து வரிக்குள் சலித்து ஆங்கிலத்துக்குப் போய்விடுவார். பிரெஞ்சு, ரஷ்யம், சீனம், ஜப்பானியம், கொரியம் எழுதுவோர் எவருக்கும் இந்தச் சுமை இல்லை.

இதனால் என்ன கேடு, பெயர்தானே என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி.

ஆண்டர்சன்பேட்டையைச் சேர்ந்த, கணினிப் பயன்பாட்டியல் பயிலும் மாணவர் ஒருவர், தம் தாயார் தெருவில் நடத்தும் ஏலச்சீட்டுக்கு ஒரு செயலி எழுதினார். இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், மொத்தம் 1,00,000. ஏலத்தில் ஒருவர் 20,000 தள்ளி எடுத்தால் அவருக்கு 80,000 கிடைக்கும். தள்ளிய 20,000த்தில் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக, மிச்சம் 15,000 இருபது பேருக்கும் தலைக்கு 750 ஆகப் பிரியும். அந்த மாதம் ஒவ்வொருவரும் 4,250 கட்டினால் போதும். முதல் தொகைக்கு அவர் வீட்டில் வழங்கும் சொல் ‘தள்ளு’, இரண்டாவதற்குக் ‘கழிவு’. மாணவர் முதலில் தமிழில்தான் பெயர் வைக்க முயன்றிருக்கிறார். “அக்கா, பேரு வெச்சா ஒத்துக்க மாட்டேங்குது” என்று அவர் என்னிடம் காட்டிய பிறகே இந்த இலக்கண விதியை நான் தேடிப் படித்தேன். அதற்குள் அவர் ஆங்கிலத்துக்கு மாறியிருந்தார். இரண்டு தொகைகளுமே அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ‘டிஸ்கவுண்ட்’. ஆகவே ஒன்று டிஸ்கவுண்ட், மற்றொன்று டிஸ்கவுண்ட் 2. மூன்று வாரம் கழித்துத் தாம் எழுதிய நிரலைத் தாமே திறந்தபோது எது எதுவென்று அவருக்கே தெரியவில்லை. தலைக்கு 750 கழிக்க வேண்டிய இடத்தில் 20,000 கழிந்திருந்தது. கணக்கைப் பார்த்த தாயார் சொன்னது ஒரே வாக்கியம்: “தள்ளு வேற, கழிவு வேற கண்ணு.”

1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தை அதன் மூல வடிவில் படித்தவர், ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு என்பார்: அதில் முன்னது டிஸ்கவுண்ட், பின்னது டிவிடெண்ட் என இருந்தது. உண்மைதான். அந்தச் சட்ட ஆங்கிலம் மாணவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. தேவையான வேறுபாடு அவர் வீட்டு மொழியில் ஏற்கெனவே துல்லியமாக இருந்தது. தொகுப்பியின் ஓர் இலக்கண விதி அதனைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னது.

இப்போது பெயர் பரிந்துரைக்கும் புதிய வசதியை இதனருகில் வைத்துப் பாருங்கள். ஒரு கோப்பைத் திறந்து, இதிலுள்ள பெயர்களை மேம்படுத்து என்றால் சுற்றியுள்ள நிரலைப் படித்துக் கருவி பெயர் சொல்லும். அது பெரும்பாலும் நேர்த்தியான ஆங்கிலமாக இருக்கும். சட்டம் படித்த ஆங்கிலமும் அதற்குத் தெரிந்திருக்கலாம். டிஸ்கவுண்ட், டிவிடெண்ட் என்று சரியாகவே பிரித்தும் தரலாம். அப்போது நிரல் சரியாகும். மாணவருக்கோ தம் நிரலின் முக்கியமான இரு சொற்கள் இரவலாக வந்திருக்கும். முகவர் முறை அதற்கும் மேலே போகிறது: பெயர், கட்டமைப்பு, கோப்புப் பிரிப்பு என எல்லாம் அதன் கையில். மனிதருக்கு எஞ்சும் வேலை, எழுதி வந்ததைப் படித்து, சரியா தவறா என்று தீர்ப்பது. எழுதும் உழைப்பு குறையக் குறையப் படிக்கும் உழைப்பு கூடுகிறது. பணிமனையின் புதிய வசதிகளுள் பெரும்பாலானவை எழுதுவதை விரைவாக்குபவை. படிப்பதை எளிதாக்குபவை மிகக் குறைவு. நம் மாணவர்களுக்கு இன்று வேண்டியது பின்னது என்பதே இப்பதிவில் நான் சொல்ல வந்தது. வீட்டுமொழிப் பெயர்கள் அதற்கான மிக மலிவான உதவி.

“ஜெமினிதான் தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்கிறதே, பிறகென்ன?” என்று ஒரு பேராசிரிய நண்பர் கேட்டார். ஜெமினி செயலி 2024 ஜூனில் தமிழ், கன்னடம் உள்ளிட்ட ஒன்பது இந்திய மொழிகளோடு இந்தியாவுக்கு வந்தது. அது நல்ல செய்தியே, நான் அதனைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தமிழில் விளக்கம் பெறுவதும் தமிழில் பெயர் வைப்பதும் ஒன்றல்ல. விளக்கம் நிரலுக்கு வெளியே நிற்கிறது. உரையாடல் சாளரத்தை மூடினால் போய்விடும். பெயர் நிரலுக்குள் இருக்கிறது. அடுத்த ஆண்டு வேறொருவர் திறந்தாலும் அங்கேயே இருக்கும்.

இன்னொரு வலுவான மறுப்பு வேலைவாய்ப்பு சார்ந்தது. மாரிக்குப்பத்தில் இரயிலேறி நாள்தோறும் பெங்களூருக்குப் போய்வரும் ஆயிரக்கணக்கானோரைக் கொண்ட ஊர் இது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபின் இங்குள்ள குடும்பங்களைத் தாங்கியதில் அந்த இரயிலுக்குப் பெரும் பங்கு உண்டு. பெங்களூர் நிறுவனங்களில் நிரல் ஆங்கிலப் பெயர்களோடுதான் எழுதப்படுகிறது. தமிழில் பழகிய பிள்ளை அங்கே என்ன செய்யும் என்று பெற்றோர் கேட்பது நியாயம். விடை, வியப்பூட்டும் வகையில், அதே புதிய வசதியில் இருக்கிறது. ஒரு பெயரை மாற்றினால் அது வரும் எல்லா இடத்திலும் பிழையின்றி மாறும் வசதி இப்பணிமனையில் நெடுங்காலமாகவே உண்டு. ஒரு கோப்பின் பெயர்களை மொத்தமாக மறுபரிசீலனை செய்து தரும் வசதி இப்போது சேர்ந்துள்ளது. ஆகவே தமிழில் சிந்தித்து, தமிழ்ப் பெயரோடு எழுதி, சரிபார்த்து முடித்தபின் குழுவுக்குக் கொடுக்கும் நாளில் ஆங்கிலமாக்கிக் கொள்ளலாம். அந்தக் கட்டத்தில் கருவி தரும் பெயர் சரியா என்று தீர்ப்பதற்கு மாணவரிடம் ஓர் அளவுகோல் இருக்கும்: தள்ளு எது, கழிவு எது என்பது அவருக்கு ஐயமறத் தெரியும். இன்று நடப்பது தலைகீழ். தெரியாத மொழியில் தொடங்கித் தெரியாத மொழியிலேயே முடிக்கிறோம்.

பட்டியல்களில் ஆரவாரமின்றி வந்த சில நல்லவற்றையும் குறிப்பிடாவிட்டால் நடுநிலை ஆகாது. 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13, ஒவ்வொரு செயலிக்கும் தனி மொழியைத் தேர்ந்துகொள்ள வழிசெய்தது. 2023இன் ஜிராஃப் பதிப்பு முதல் அதற்கான மொழிப்பட்டியலைப் பணிமனையே உருவாக்கிக்கொள்கிறது. தங்கவயல் போன்ற ஊரில் இதன் பயன் பெரிது. கைப்பேசி கன்னடத்தில், வங்கிச் செயலி ஆங்கிலத்தில், செய்திச் செயலி தமிழில் என்று வைத்துக்கொள்ளும் வீடுகளை நான் அறிவேன். கம்போஸ் முன்காட்சியில் 2024இன் இகுவானா பதிப்பு சேர்த்த திரைச் சரிபார்ப்பும் நன்று. பெரிய எழுத்தளவிலும் சிறிய திரையிலும் எங்கே சொற்கள் வெட்டுப்படும் என்று முன்பே காட்டுகிறது. தமிழ்ச் சொற்களின் நீளத்தை அறிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மொழிபெயர்ப்புத் தொகுப்பான் பழைய வசதி. விடுபட்ட மொழிபெயர்ப்பைச் சிவப்பில் காட்டும் அந்த எளிய அட்டவணையைத் தமிழ்த்துறை மாணவர்கள் ஒருமுறையேனும் திறந்து பார்க்க வேண்டும். கணினியின் வசதியைப் பற்றி ஒரு வார்த்தை: இப்பணிமனைக்கு மட்டும் குறைந்தது 8 ஜிபி நினைவகமும், போலிக்கைப்பேசியையும் சேர்த்து ஓட்டினால் 16 ஜிபியும் வேண்டும் என்கிறார்கள். சிறு நகரத்துக் கல்லூரி ஆய்வகங்களைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இவை அனைத்திலும் தமிழ் இருப்பது பயனர் காணும் திரையில். மொழிபெயர்க்கப்படும் சரமாக அது வரவேற்கப்படுகிறது. சிந்திக்கும் பெயராக அனுமதிக்கப்படுவதில்லை. பயனராக நமக்கு ஆசனம் உண்டு, ஆக்குபவராக வாசல்வரைதான். இந்த ஊரின் தமிழருக்கு இது ஏற்புடையதன்று. அயோத்திதாசரின் மறைவுக்குப் பின் ‘தமிழன்’ இதழை 1926 முதல் இங்கிருந்து ஜி. அப்பாதுரையார் மீண்டும் நடத்தினார். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கிடையே சித்தார்த்தா புத்தகசாலை தமிழ் நூல்களை அச்சிட்டது. அச்சு இயந்திரமும் அயலூரிலிருந்து வந்ததே. எழுத்து வார்த்துக் கோப்பவரின் பெட்டியில் நம் புள்ளிக்கும் கொக்கிக்கும் அறை இருந்தது.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த குறையன்று என்பது, கர்நாடகத்தில் வாழும் தமிழ் ஆய்வாளர் என்ற முறையில் எனக்கு மிகவும் முக்கியம். ‘கன்னட’ என்ற சொல்லில் இரண்டு னகரங்களை இணைக்க இடையே ஒரு விராமக் குறி இருக்கிறது. ஆகவே அதுவும் கோட்லினில் செல்லாது. தெலுங்கு, மலையாளம், தேவநாகரி, வங்கம், சிங்களம், பர்மியம் எல்லாம் இதே வரிசையில் நிற்கின்றன. பிராமியின் வழிவந்த எழுத்துகள் ஏறத்தாழ அனைத்துக்கும் ஒரே தடை. இந்த ஊரில் பெயர்ப்பலகை முதல் பள்ளிப் பயிற்றுமொழி வரை தமிழும் கன்னடமும் எதிரெதிரே நிறுத்தப்பட்ட நாள்கள் பல. இருவரும் ஒரே விண்ணப்பத்தில் கையெழுத்திடத்தக்க பொருள் அரிதாகவே கிடைக்கிறது, இது அத்தகையது.

விண்ணப்பம் செய்ய இடமும் இருக்கிறது. கோட்லின் திறந்தமூல மொழி. அதன் மாற்ற முன்மொழிவுகள் பொதுவெளியில் விவாதிக்கப்படுகின்றன. ஜெட்பிரெயின்ஸும் கூகுளும் சேர்ந்து நிறுவிய கோட்லின் அறக்கட்டளை மொழியின் வளர்ச்சியைப் பேணுகிறது. கேட்க வேண்டியதும் சிறியதே: பெயரின் இரண்டாம் இடம் முதல் யூனிகோடின் இரு குறி வகைகளை ஏற்றுக்கொள்ளுங்கள். இதனைச் சொல்லப் பொறியாளர்களைவிட நமக்குத் தகுதி கூடுதல் என்றே கருதுகிறேன். ஒரு குறி ஏன் எழுத்தின் பிரிக்க இயலாத பகுதி, ‘பல’வை ஏற்று ‘சில’வை மறுக்கும் விதி ஏன் எந்த மொழியியல் அடிப்படையும் அற்றது என்பதை எடுத்துரைப்பது எழுத்தியல் படித்தவர்களின் வேலை. தமிழ்த்துறைகளில் கணினித்தமிழ் என்ற பெயரில் எழுத்துருவும் சொற்செயலியும் கற்பித்துக்கொண்டிருக்கிறோம். ஒரு பருவத்தில் ஒரு வகுப்பையேனும் நிரல்மொழிகளின் பெயரிலக்கணத்துக்கு ஒதுக்கலாம். கணினித்துறை ஆசிரியர்களிடம் எனக்குள்ள வேண்டுகோள் இன்னும் சிறியது: முதலாண்டு ஆய்வகத்தில் பைத்தானோ ஜாவாவோ நடத்தும்போது தமிழ்ப் பெயரோடு வரும் நிரலுக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்.

முன்மொழிவின் வரைவை எழுதத் தொடங்கியிருக்கிறேன். தமிழுக்கான எடுத்துக்காட்டுகளாக ஏலச்சீட்டு, பால் கணக்கு, இரயில் மாதச்சீட்டு ஆகிய மூன்றிலிருந்து அறுபது சொற்கள் சேர்ந்துள்ளன. அவற்றுள் குறியின்றிக் கோட்லினில் செல்லுபவை இரண்டே. கன்னடம், தெலுங்கு, மலையாளம், சிங்களம் ஆகியவற்றுக்கு அவ்வம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஆய்வாளர்கள் இருபது இருபது சொற்கள் தந்தால் போதும். அகராதிச் சொற்கள் வேண்டா. வீட்டிலும் கடையிலும் கணக்கு எழுதும்போது உண்மையில் வழங்கும் சொற்களே வேண்டும். சொல்லுக்கு எதிரே அது எங்கே, எந்தக் கணக்கில் வழங்குகிறது என்று ஒரு வரியும் சேர்த்து எழுதுங்கள்.